வீட்டுக் கொல்லையில் வில்வித்தை: டெக்சாஸில் சட்டத்தை எங்கே, எப்படித் தேடுவது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

போன விஜயதசமிக்கு மகள் கையில் ஒரு சின்ன ரிகர்வ் வில்லைக் கொடுத்தேன். டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் எங்கள் வீடு. பின்னால் மரவேலி அடைத்த சின்னக் கொல்லை. மூன்றாவது வாரம் ஒரு அம்பு அந்த வேலியைத் துளைத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தேன். அன்றிலிருந்து நண்பர்களில் யார் வில் வாங்கினாலும் எனக்குத்தான் போன் வருகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் வழக்கறிஞன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எந்தப் பிரிவு என்று எண்ணோடு சொல்லியிருக்கிறேன். நீங்களும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். டெக்சாஸ் சட்டப்பேரவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடும், கூடினால் சும்மா கலையாது.

கொல்லையில் அம்பு விடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்களேன்.

ஒரே வார்த்தையில் சொல்வதானால், "பொறுங்கள்". இதற்கு அமெரிக்கா முழுமைக்கும் ஒரு பதில் கிடையாது. டெக்சாஸ் முழுமைக்கும்கூடக் கிடையாது. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் இன்னொரு ஊர் என்றால் பதிலும் இரண்டாக இருக்கலாம்.

மத்தியச் சட்டத்தில் வில் துப்பாக்கிக் கணக்கில் வராது. 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், வெடிமருந்தின் விசையில் குண்டைத் தள்ளும் ஆயுதத்தைத்தான் துப்பாக்கி என்கிறது. நாணின் விசை அதில் சேராது. அதனால்தான் விளையாட்டுச் சாமான் கடையில் பந்து வாங்குவதுபோல வில்லை வாங்கிக்கொண்டு வர முடிகிறது. வில்லில் மத்திய அரசுக்கு அக்கறை பெரும்பாலும் வரியோடு முடிகிறது. இழுவிசை (நாணை இழுக்கத் தேவையான விசை) 30 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள வில்லுக்குத் தயாரிப்பாளரிடம் 11 சதவீதம் வாங்கி, வனவிலங்குப் பராமரிப்புக்கென்று மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். நம் பையிலிருந்து போனதுதான், ரசீதில் தெரியாது.

மீதிச் சட்டமெல்லாம் மாநிலம், கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), சிட்டி, கடைசியாக ஹெச்ஓஏ என்கிற குடியிருப்பு வீட்டு உரிமையாளர் சங்கம் என்று இறங்கி வருகிறது. வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு கெடுபிடி.

டெக்சாஸில் துப்பாக்கியையே இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம். வில்லுக்கா தடை?

நானும் அப்படித்தான் நினைத்தேன். வைத்திருப்பது வேறு, எய்வது வேறு என்பது அப்போது உறைக்கவில்லை.

டெக்சாஸ் உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பில் 229.001 என்று ஒரு பிரிவு. துப்பாக்கி வைத்திருப்பது, எடுத்துப் போவது, கைமாற்றுவது இவற்றில் சிட்டிகள் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் அதே பிரிவு, ஊர் எல்லைக்குள் சுடுவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைச் சிட்டியிடமே விட்டுவைக்கிறது. வீட்டில் பத்து துப்பாக்கி வைத்திருப்பவரும், பொழுது போகவில்லை என்று கொல்லையில் ஒன்றைச் சுட்டால் மாட்டிக்கொள்வார். வில்லும் இந்த இரண்டாவது கணக்கில்தான் வருகிறது. சுடுவதற்குத் தடை எழுத உட்காரும் பல சிட்டிகள் காற்றுத் துப்பாக்கி, கவண், வில், கிராஸ்போ (துப்பாக்கி மாதிரி விசையைத் தட்டி எய்யும் குறுக்கு வில்) எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதி முடித்துவிடுகின்றன.

என் முகவரியில் கேட்டி என்று இருக்கிறது. கேட்டி சிட்டிச் சட்டம்தானே பார்க்க வேண்டும்?

அவசியமில்லை. முகவரியில் இருப்பது தபால் ஆபீஸ் வைத்த பெயர். கேட்டி என்று முகவரி எழுதும் வீடுகளில் ஏராளமானவை எந்தச் சிட்டிக்குள்ளும் இல்லை. ஹாரிஸ் கவுண்டியிலோ ஃபோர்ட் பெண்ட் கவுண்டியிலோ நேரடியாக இருக்கின்றன. சைப்ரஸ் என்று ஹூஸ்டன் பக்கம் எல்லாரும் சொல்கிறோமே, அப்படி அங்கே ஒரு சிட்டியே கிடையாது. பிளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங், சுகர் லேண்ட் எல்லாம் முறையான சிட்டிகள். அங்கேயும் எல்லையோரத்து வீடு என்றால் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

எனக்குத் தெரிந்த சுலபமான வழி சொத்து வரி ரசீது. யார் யாருக்கு எவ்வளவு என்று அதில் வரிசையாக இருக்கும்: கவுண்டி, பள்ளி மாவட்டம், கல்லூரி மாவட்டம், இப்படி. அந்த வரிசையில் சிட்டியின் பெயர் இருந்தால் நீங்கள் சிட்டிக்குள். சிட்டி பெயர் இல்லாமல் "மட்" என்கிற குடிநீர் வடிகால் மாவட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் வெளியே. ரசீதைத் தேட வேண்டாம் என்றால் கவுண்டி சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் தளத்தில் முகவரியைப் போடுங்கள், இதே வரிசை வரும். யாருக்கு வரி கட்டுகிறோமோ அவர்களுடைய சட்டம்தான் நமக்கு.

சிட்டிக்கு வெளியே என்றால் கேட்க ஆளில்லை, அப்படித்தானே?

பாதி சரி. டெக்சாஸில் கவுண்டிக்குச் சொந்தமாகச் சட்டம் போடும் அதிகாரம் குறைவு. சட்டப்பேரவை எழுதிக் கொடுத்த அளவுதான். உள்ளாட்சித் தொகுப்பின் 235-ஆம் அத்தியாயம், சிட்டிக்கு வெளியே மனைப்பிரிவுகளில் 10 ஏக்கரும் அதற்குக் குறைவாகவும் உள்ள மனைகளில் துப்பாக்கி சுடுவதைக் கட்டுப்படுத்த கவுண்டிக்கு இடம் கொடுக்கிறது. வில்லுக்கும் உண்டு, ஆனால் அங்கே எழுதியிருப்பது வில்லால் "வேட்டையாடுவது". அட்டையில் குறி பார்த்துப் பழகுவது வேட்டையாகாது. இந்த அதிகாரத்தை உங்கள் கவுண்டி பயன்படுத்தியிருக்கிறதா என்று கமிஷனர்ஸ் கோர்ட்டின் உத்தரவுகளில் பாருங்கள். பெயர்தான் கோர்ட், உண்மையில் அது கவுண்டியின் நிர்வாக சபை.

இன்னொரு பிரிவு 229.002. சிட்டியைச் சுற்றியுள்ள வெளிவட்டத்துக்கும், 1981 செப்டம்பர் 1-க்குப் பிறகு சிட்டியோடு சேர்த்துக்கொண்ட பகுதிகளுக்கும் இது பொருந்தும். நிலம் 10 ஏக்கரோ மேலோ இருக்க வேண்டும். பிறர் மனையில் உள்ள வீட்டிலிருந்து 150 அடிக்கு அப்பால் நின்று விட வேண்டும். அம்பு மனையின் எல்லையைத் தாண்ட வாய்ப்பில்லாதபடி விட வேண்டும். மூன்றும் சேர்ந்தால் சிட்டியின் தடை வில்லைத் தொடாது. வில் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். நம்மவர்களில் 10 ஏக்கர் வைத்திருப்பவரை விரல் விட்டு எண்ணலாம், கால் ஏக்கருக்கே தவணை கட்டிக்கொண்டிருக்கிறோம். இருந்தாலும் இந்தப் பிரிவைப் படிக்கச் சொல்வேன். பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அம்பு வேலியைத் தாண்டுமா என்ற இந்த இரண்டு கவலைதான் சின்ன ஊர்ச் சட்டங்களிலும் வேறு வேறு வார்த்தையில் திரும்ப வருகிறது.

சிட்டிச் சட்டத்தை எங்கே படிப்பது? என்ன சொல்லைத் தேடுவது?

பெரும்பாலான சிட்டிகள் தங்கள் சட்டத் தொகுப்பை மியூனிகோட், ஈகோட்360, அமெரிக்கன் லீகல் என்ற மூன்று தளங்களில் ஒன்றில் ஏற்றி வைத்திருக்கின்றன. ஊர் பெயரோடு "கோட் ஆஃப் ஆர்டினன்ஸஸ்" என்று கூகுளில் போட்டால் முதலிலேயே வந்துவிடும். காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். "ஆர்ச்சரி" என்று தேடினால் பூங்கா விதி ஒன்று வரும், மண்டலப் பிரிவில் "உள்ளரங்க ஆர்ச்சரி மையம்" என்று ஒரு வரி வரும், அத்தோடு சரி. ஆஹா, கொல்லைக்குத் தடையில்லை என்று மூடிவிடுவோம். நான் அப்படித்தான் மூடினேன். சட்டம் எழுதுகிறவர்கள் விளையாட்டின் பெயரை எழுதுவதில்லை, பொருளையும் செயலையும் எழுதுகிறார்கள். அதனால் தேட வேண்டிய சொற்கள் வேறு: போ, ஆரோ, கிராஸ்போ, ஸ்லிங்ஷாட், ஏர் கன், பிபி கன், ப்ரொஜெக்டைல், மிஸைல், டிஸ்சார்ஜ், ப்ரொபெல். மிஸைல் என்றதும் ராக்கெட்டை நினைக்க வேண்டாம். பழைய ஊர்ச் சட்டங்களில் கல்லெறிவதற்குக்கூட அந்தச் சொல்தான். எந்த அத்தியாயம் என்று கேட்டால், "ஆஃபென்ஸஸ்" அல்லது "மிஸலேனியஸ் ப்ரொவிஷன்ஸ்" என்ற தலைப்பில் குப்பைக்கூடை மாதிரி ஒன்று இருக்கும். அங்கேதான்.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். "துப்பாக்கி சுடுதல்" என்ற தலைப்பில் ஒரு பிரிவு. நமக்குச் சம்பந்தமில்லை என்று இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறேன். மூன்றாவது முறை அத்தியாயத்தின் தொடக்கத்தில் இருந்த சொல்விளக்கத்தைப் படித்தேன். அங்கே "ஆயுதம்" என்பதற்குக் கீழே, ஏழெட்டுப் பெயர்களுக்கு நடுவில், காற்புள்ளிகளுக்கு இடையே ஒடுங்கிக்கொண்டு "வில்லும் அம்பும்" இருந்தது. பிறகு தடைப் பிரிவுக்கு வந்தால் அது "எந்த ஆயுதத்தையும்" என்கிறது. தலைப்பில் இருப்பது துப்பாக்கி, உள்ளே மாட்டிக்கொண்டது என் மகளுடைய வில். அதனால் தலைப்பை நம்பாதீர்கள், சொல்விளக்கத்தை முதலில் படியுங்கள், கடைசியில் விதிவிலக்குகளையும் படியுங்கள். எங்கள் ஊரில் விதிவிலக்குதான் காப்பாற்றியது: சொந்த மனையில், அம்பு மனையை விட்டு வெளியே போக முடியாதபடி தடுப்பு இருந்தால் குற்றமில்லை. மற்ற ஊர்களில் பள்ளிப் பயிற்சிக்கு விலக்கு, காவல் தலைவர் எழுத்தில் அனுமதித்தால் விலக்கு, அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு மட்டும் விலக்கு என்று பல தினுசு உண்டு.

இன்னொன்று. நகர சபை போன மாதம் நிறைவேற்றிய சட்டம் தொகுப்பில் ஏற நாளாகும். தளத்தில் எந்தத் தேதி வரை சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கும். அதற்குப் பிறகு வந்தவை தனிப் பட்டியலாகவோ, சபைக் கூட்டக் குறிப்புகளிலோ கிடக்கும்.

எவ்வளவு தேடியும் ஒன்றும் இல்லை. அப்படியானால் அனுமதி என்றுதானே அர்த்தம்?

வில்லைப் பற்றித் தனித் தடை இல்லை என்று அர்த்தம். அவ்வளவுதான். தொல்லை தரும் செயல், அடுத்தவரை ஆபத்துக்குள்ளாக்கும் செயல் என்று பொதுவாக எழுதிய பிரிவுகள் எப்போதும் இருக்கும். டெக்சாஸ் குற்றச் சட்டத்தின் 22.05, அசட்டையாக நடந்து இன்னொருவருக்குக் கடுங்காயம் ஏற்படும் உடனடி ஆபத்தை உண்டாக்கினாலே குற்றம் என்கிறது. காயம் படவே வேண்டியதில்லை. துப்பாக்கிக்குத் தனியாக, இன்னும் கடுமையாக ஒரு உட்பிரிவு இருக்கிறது. முதல் உட்பிரிவில் ஆயுதத்தின் பெயரே இல்லை, எது வேண்டுமானாலும் அதில் அடங்கும். அது கிளாஸ் ஏ குற்றம்: ஒரு வருடம் வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். ஊர்ச் சட்டத்தை மீறினால் வரும் அபராதம் இதற்கு முன் சுண்டைக்காய், இந்த மாதிரி விஷயங்களுக்கு அதன் உச்சம் பொதுவாக 500 டாலர்.

போலீஸுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் முடிந்தது. எதற்கு இவ்வளவு படிப்பு?

நானும் போட்டேன், அவசரமில்லாத எண்ணுக்கு. எடுத்தவர் நல்ல மாதிரி. "உங்கள் இடம்தானே, யாருக்கும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்த அத்தியாயத்தை அவரும் படித்திருக்க மாட்டார் என்று பிறகு தெரிந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்று இரவு அவருக்கு இருந்த நூறு அழைப்புகளில் என்னுடையது ஒன்று. ஆனால் பக்கத்து வீட்டில் புகார் கொடுத்து, வேறொரு அதிகாரி வாசலில் வந்து நிற்கும்போது, "போனில் ஒருத்தர் சரி என்று சொன்னார்" என்பது எந்தக் கணக்கிலும் சேராது.

அப்படியானால் யாருக்கு எழுதுவது? என்னவென்று எழுதுவது?

டெக்சாஸில் சிட்டி செக்ரட்டரி, பல மாநிலங்களில் சிட்டி கிளர்க். ஊர்ச் சட்டங்களின் மூலப்படி அவர்கள் அலுவலகத்தில்தான் இருக்கும். சிட்டியின் வழக்கறிஞருக்கு எழுதினால் பதில் வராது. அவருடைய கட்சிக்காரர் சிட்டி, நீங்கள் இல்லை.

"வில் விடலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால், "சட்ட ஆலோசனை வழங்க இயலாது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு முதல் முறை வந்தது அதுதான். இரண்டாவது முறை இப்படிக் கேட்டேன்: இன்ன எண்ணுள்ள பிரிவு, இன்ன சொல்விளக்கம், இதுதான் நடப்பில் உள்ள வடிவமா? இதற்குப் பிறகு திருத்தம் ஏதும் வந்திருக்கிறதா? இந்தப் பிரிவை நடைமுறைப்படுத்துவது எந்தத் துறை? மூன்றும் தகவல் கேள்விகள். நான்கு நாளில் பதில் வந்தது. அந்தத் துறைக்கு அடுத்த மின்னஞ்சல்: என் கொல்லை இத்தனை அடி, குறி இங்கே, பின்னால் இன்ன தடுப்பு, வில்லின் இழுவிசை இவ்வளவு, இந்த ஏற்பாடு விதிவிலக்குக்குள் வருகிறது என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன், தவறென்றால் சொல்லுங்கள். படம் வரைந்து இணைத்தேன். "அலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை" என்கிற அளவில் ஒரு பதில் வந்தது. அது உரிமம் ஆகாது. ஆனாலும் அச்சடித்து வில் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

பதிலே வராவிட்டால் பொதுத் தகவல் சட்டம் இருக்கிறது, டெக்சாஸ் அரசாங்கத் தொகுப்பின் 552-ஆம் அத்தியாயம். நம்மூர் தகவல் உரிமைச் சட்டத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஆவணத்தைத்தான் கேட்கலாம், கருத்தைக் கேட்க முடியாது.

ஹெச்ஓஏ இதில் எங்கே வருகிறது?

கடைசியில் வந்து முதல் ஆளாக உட்காரும். சிட்டி அனுமதித்ததையும் ஹெச்ஓஏ தடுக்கலாம், ஏனென்றால் வீடு வாங்கும்போது அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் வாங்குகிறோம். எண்பது பக்கத்தை யார் படித்தது! அந்த ஆவணம் கவுண்டி கிளர்க் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். 60 மனையோ அதற்கு மேலோ உள்ள சங்கம் என்றால் டெக்சாஸில் அதை இணையத்திலும் வைத்தாக வேண்டும்.

வில் என்ற சொல்லை மட்டும் தேடி ஏமாற வேண்டாம். "தொல்லை தரும் அல்லது அருவருப்பான செயல்" என்ற வரி ஏறத்தாழ எல்லாச் சங்கத்திலும் உண்டு, அதற்குள் யானையையே நுழைக்கலாம். "ஆயுதங்களை வெடித்தல்" என்றும் சில ஆவணங்களில் இருக்கும். மறந்துபோகும் இன்னொன்று: வலை கட்ட நட்ட கம்பமும் எட்டடி உயரப் பலகைத் தடுப்பும் கட்டுமானக் குழுவின் அனுமதிக்குள் வரக்கூடும். அம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கம்பத்துக்காக மட்டும் கடிதம் அனுப்புவார்கள். என் கருத்தைக் கேட்டால், தினமும் கழற்றி கராஜுக்குள் வைக்கிற மாதிரி ஏற்பாடு செய்துவிடுங்கள்.

அம்பு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டால்?

போயிருக்கிறது, அதனால் சொல்கிறேன். மகளுடையது 24 பவுண்டு வில், பிள்ளைகள் பழகுகிற ரகம். குறிக்கும் அவளுக்கும் நடுவே பத்துக் கெஜம். குறியின் விளிம்பை உரசிக்கொண்டு போன அம்பு, பின்னால் இருந்த சீடார் வேலியில் பட்டது. அந்தப் பலகை அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம், வெயிலில் காய்ந்து சாம்பல் நிறமாகிப் போனது. நான் போய்ப் பார்த்தபோது எங்கள் பக்கம் இறகும் நாண்கவ்வியும்தான் தெரிந்தன. மீதி முழுவதும் அந்தப் பக்கம், தக்காளித் தொட்டிக்கு ஒரு சாண் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் தினமும் மாலை ஆறு மணிக்கு அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவார். மணி ஐந்தே முக்கால்.

அவர் கோபப்படவில்லை. நான் போய்க் கதவைத் தட்டிச் சொன்னேன், பலகை மாற்றித் தருவதாகச் சொன்னேன், முடிந்தது. கோபப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அன்று இரவு எண்ணிப் பார்த்தேன். சொத்துச் சேதம், அத்துமீறல் என்று உரிமையியல் வழக்கு. ஊர்ச் சட்டத்தில் அபராதச் சீட்டு. யாராவது நின்றிருந்தால் மேலே சொன்ன 22.05.

கிரீன் கார்டிலும் விசாவிலும் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. குடியுரிமைக்கான என்-400 படிவம், எப்போதாவது கைதானீர்களா என்று மட்டும் கேட்பதில்லை. காவல் அதிகாரி எப்போதாவது குற்றச்சீட்டுக் கொடுத்திருக்கிறாரா என்றும் சேர்த்துக் கேட்கிறது. 500 டாலரைக் கட்டிவிட்டு மறந்துவிடலாம் என்பது நமக்குப் பொருந்தாது. சீட்டு வந்தால் பணத்தைக் கட்டுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அம்பை எடுக்க வேலி ஏறிக் குதிக்காதீர்கள். வாசல் வழியாகப் போய்க் கேளுங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்? எப்படிப்பட்ட தடுப்பு?

எனக்குத் தெரிந்து பல ஊர்கள் இத்தனை அடி என்று எழுதுவதில்லை. அம்பு வெளியே போகக் கூடாது என்பதோடு விட்டுவிடுகின்றன. அதனால் அளவை நாம்தான் போட வேண்டும். பள்ளிகளில் வில்வித்தை கற்றுத்தரும் என்ஏஎஸ்பி திட்டம், 2002-இல் கெண்டக்கியில் தொடங்கியது, 10 மீட்டர், 15 மீட்டர் என்ற இரண்டு தூரத்தில்தான் போட்டியே நடத்துகிறது. உள்ளரங்கப் போட்டி 18 மீட்டர், அதாவது 59 அடி. ஒலிம்பிக்கின் 70 மீட்டரைக் கொல்லையில் கனவு காண வேண்டாம்.

தடுப்பு என்றால் வேலி இல்லை. வேலி என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். அடர்த்தியான ஃபோம் குறி, அதற்குப் பின்னால் குதிரை லாயத்தில் விரிக்கும் தடித்த ரப்பர் பாய், அதற்கும் பின்னால் தளர்வாகத் தொங்கும் ஆர்ச்சரி வலை என்று மூன்று அடுக்கு நாங்கள் வைத்திருக்கிறோம். வலையை விறைப்பாகக் கட்டினால் அம்பு துளைத்துவிடும். தொளதொளவென்று விட்டால்தான் வேகத்தை விழுங்கும். வீட்டுச் சுவரைப் பார்த்து விடுவது இன்னும் நல்லது, குற்றவாளியும் பாதிக்கப்பட்டவரும் ஒரே ஆளாகிவிடுவோம். காம்பவுண்ட் வில் (முனைகளில் கப்பி வைத்த ரகம்) வைத்திருப்பவர்கள் இதை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 300 அடி வேகம் அதற்குச் சாதாரணம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது வானத்தைப் பார்த்து நாணை இழுக்கும் பழக்கம். பயிற்சியாளர்கள் பார்த்தால் கத்துவார்கள். கைநழுவினால் அந்த அம்பு எந்தத் தடுப்பையும் கேட்காது, இரண்டு தெரு தள்ளி இறங்கும்.

ரப்பர் உறிஞ்சி வைத்த பொம்மை அம்புக்கும் இதெல்லாம் உண்டா?

சொல்விளக்கத்தில் "காயப்படுத்தக் கூடிய" என்று ஒரு சொல் இருந்தால் இல்லை. சில ஊர்களில் அந்தச் சொல் இல்லை. அதற்காக யாரும் வந்து சீட்டுக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மற்ற மாநிலங்களில் எப்படி? நாங்கள் நியூயார்க் பக்கம்.

அங்கே மாநிலச் சட்டத்திலேயே அளவு இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 11-0931-ஆம் பிரிவு, குடியிருப்பு, பள்ளி, விளையாட்டு மைதானம் போன்றவற்றிலிருந்து வில்லுக்கு 150 அடி, கிராஸ்போவுக்கு 250 அடி, துப்பாக்கிக்கு 500 அடி விலக வேண்டும் என்கிறது. வீட்டுக்காரருக்கும் அவர் குடும்பத்துக்கும் சம்மதம் பெற்றவருக்கும் அந்த வீட்டைப் பொறுத்து விலக்கு உண்டு. "அந்த வீட்டை" என்பதில்தான் விஷயம்: உங்கள் வீட்டுக்கு 20 அடியில் நின்று விடலாம், பக்கத்து வீட்டுக்காரரின் 150 அடி அவர் சம்மதிக்கும்வரை அப்படியே நிற்கும்.

மாசசூசெட்ஸில் தார்ச்சாலையிலிருந்து 150 அடிக்குள் அம்பு விடக் கூடாது, சாலைக்குக் குறுக்கேயும் விடக் கூடாது. கலிஃபோர்னியாவில் பொதுச்சாலைக்கு மேலாக ஆபத்தான விதத்தில் அம்பு விடுவது குற்றம். பென்சில்வேனியாவின் 50 கெஜக் கணக்கு வேட்டைக்கு உரியது. எந்த மாநிலத்தில் படித்தாலும் "வேட்டையாடும்போது" என்ற சொல் அந்த வாக்கியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு கதை, இல்லாவிட்டால் வேறு கதை. நியூயார்க்கின் வரியில் அந்தச் சொல் இல்லை.

கொல்லைக்கு வரும் முயல், அணில், பாம்பு?

தொடாதீர்கள். உயிர் மேல் குறி வைத்த நிமிடத்தில் வேட்டைச் சட்டமும் விலங்கு வதைச் சட்டமும் பின்னாலேயே வரும். பறவை என்றால் 1918-இலிருந்து இருக்கும் வலசைப் பறவைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும், அது மத்தியச் சட்டம்.

அபார்ட்மென்ட் பால்கனியில்?

வேண்டாம்.

வீட்டுக் காப்பீடு இதற்குப் பணம் தருமா?

பொதுவாக வீட்டுக் காப்பீட்டில் பொறுப்புப் பகுதி ஒன்று இருக்கும், தற்செயலாக அடுத்தவருக்கு ஏற்படும் காயம் அதில் அடங்கும். ஆனால் வேண்டுமென்றே செய்தது அடங்காது, பாலிசிக்குப் பாலிசி விலக்குகளும் மாறும். முகவரிடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். எங்கள் முகவர் முதலில் சிரித்தார், பிறகு குறியின் படத்தைக் கேட்டார்.

ஊரிலிருந்து வில்லை விமானத்தில் கொண்டுவரலாமா?

இங்கே டிஎஸ்ஏ என்கிற விமான நிலையப் பாதுகாப்புத் துறையின் விதிப்படி கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில் வைக்கலாம். முனைகளை உறையிட்டுக் கட்டுங்கள். உங்கள் விமான நிறுவனத்தின் விதியையும் பாருங்கள்.

எங்கள் ஊரில் முழுத் தடை, விதிவிலக்கும் இல்லை. வில்லை விற்றுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் தடை எந்த வார்த்தையில் இருக்கிறது என்று இன்னொரு முறை படியுங்கள். மூடிய கட்டடத்துக்குள் விடுவதை அது சேர்க்கிறதா? சேர்க்காவிட்டால் கராஜ் இருக்கிறது. ஐந்து கெஜம் போதும். குறியில் வட்டமே இல்லாமல், வெறும் ஃபோமைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு நாணை விடும் பயிற்சி ஒன்று உண்டு. வில்வித்தைக்காரர்கள் பிளாங்க் பேல் என்பார்கள். புள்ளி எண்ணும் வேலையில்லை, கை எப்படிப் போகிறது என்பதில் மட்டும் கவனம் இருக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் மகளின் கை நேரானது அதில்தான்.

பிள்ளையின் பள்ளியில் வில்வித்தை வகுப்பு இருக்கிறதா என்று உடற்பயிற்சி ஆசிரியரிடம் கேளுங்கள். உள்ளரங்க மையத்துக்குப் போவதானால், சொந்த வில் கொண்டுவரலாமா, சிறுவர்களுக்குத் தனி நேரம் இருக்கிறதா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள். சட்டத்தையே மாற்ற வேண்டும் என்றால் நகர சபைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள், சில நிமிடம்தான் கிடைக்கும். தடுப்பின் படத்தையும், விதிவிலக்கு வைத்திருக்கும் பக்கத்து ஊரின் பிரிவையும் அச்சடித்துக்கொண்டு போங்கள்.

நாங்கள் இப்போது வாரநாளில் கராஜ், சனிக்கிழமை உள்ளரங்கம் என்று வைத்திருக்கிறோம். சிட்டி ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தும் கொல்லையில் அதிகம் விடுவதில்லை. ஆறு மணிக்குப் பெரியவர் தண்ணீர்க் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டால் மகள் தானாகவே வில்லைக் கீழே வைத்துவிடுகிறாள்.